எட்டில் ஒரு பங்கு

பழைய பத்திரக் கட்டை யார் கொண்டுவந்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன். சொத்து விவரம் அங்கேதான் இருக்கும். முன்பக்கங்களில் எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர், தொகை, அப்புறம் நிதி நிக்ஷேபம் ஜலம் தரு பாஷாணம் என்று நீளும் பாத்தியங்கள். இவை எந்த ஊர்ப் பத்திரத்திலும் ஒரே மாதிரிதான். விலையை நம்பவே வேண்டாம். முத்திரைத் தீர்வைக்குத் தகுந்தபடி விலையைக் குறைத்து எழுதுவது நான் இந்தத் தொழிலுக்கு வருவதற்கு ரொம்ப முன்பே வந்துவிட்ட வழக்கம். நாலெல்லை மட்டும் அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லாது. சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா விடமாட்டார்.

நான் பொன்னேரியில் பத்திரம் எழுதுகிறவன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பெரியவரிடம் நகல் எழுதும் பையனாகச் சேர்ந்தேன். பத்திர எழுத்தர் உரிம விதிகள் 1982-இல் வந்த பிறகு, பரீட்சை எழுதி நானும் உரிமம் வாங்கினேன். என்னிடம் வரும் பார்ட்டிகளில் பெரும்பகுதி பழவேற்காட்டுப் பக்கம். கடைத்தெருவைச் சுற்றியுள்ள பழைய முஸ்லிம் குடும்பங்கள் ஒருபுறம். ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் இருக்கும் குப்பத்து மீனவர்கள் இன்னொருபுறம். இரண்டு சாராரும் என் மேசைக்கு முன்னால் அதே பெஞ்சில்தான் உட்காருவார்கள். கொண்டுவரும் காகிதம்தான் வேறு.

அங்கே ஒரு வீட்டின் காகிதங்கள் மூன்று தலைமுறையாக என் கையில் வந்து போயிருக்கின்றன. எந்தத் தெரு என்று சொன்னால் ஊர்க்காரர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் சொல்லவில்லை. தெருவைப் பார்த்து நீளத் திண்ணை, அதைத் தாண்டினால் ரேழி, உள்ளே முற்றம், முற்றத்தைச் சுற்றிப் பர்மா தேக்குத் தூண்கள், மேலே மெட்ராஸ் டெரஸ். சுவரெல்லாம் கிளிஞ்சல் சுண்ணாம்புக் காரை. அந்தக் கிளிஞ்சல் இந்த ஏரியிலேயே வாரியது. பக்கிங்காம் கால்வாயில் படகு ஓடிய நாளில் பட்டணத்துக்குக் கிளிஞ்சலும் விறகும் இங்கிருந்துதான் போயின. ஏரி கொடுத்ததை வைத்தே கட்டிய வீடு அது.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதை 'டச்சுக்காரன் வீடு' என்றுதான் சொல்லுவார்கள். பழவேற்காட்டில் தூண் வைத்த எந்தப் பழைய வீட்டுக்கும் அந்தப் பட்டம் உண்டு. கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் கேமராவோடு வந்து, "சார், டச்சுப் பத்திரம் ஏதாவது இருக்கா?" என்று கேட்பார்கள். எங்கே இருக்கும்? டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது 1613-இல். சோழமண்டலக் கரைக்கே இதுதான் அவர்களுக்குத் தலைமையிடம். 1690-இல் தலைமையை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். 1781-இல் நாகையை ஆங்கிலேயரிடம் இழந்த பிறகு மறுபடி இங்கேயே வந்தார்கள். கோட்டையை 1806-இல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1825-இல் ஊரும் ஒரேயடியாக ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. பத்திரப் பதிவுச் சட்டமெல்லாம் அதற்கு ஒரு தலைமுறை கழித்து வந்தது. டச்சுக்காரர் காலத்துத் தாள்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அவர்கள் மொழியில் இருக்கின்றன. எங்கள் சார்பதிவாளர் அலுவலகத்துப் புத்தகங்களில் அவர்கள் பெயர் ஒன்றுகூடக் கிடையாது. ஊரில் அவர்கள் பெயரைப் பார்க்க வேண்டுமென்றால் எலும்புக்கூடுகளைச் செதுக்கிய வாசல் தாண்டி அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். இறந்தவரின் பெயர், தேதி எல்லாம் கல்லில் அழகாகப் பொறித்திருக்கும். எந்த வீட்டில் இருந்தார் என்பது மட்டும் இருக்காது.

ஆனாலும் அந்த வீட்டின் மூலப் பத்திரத்தில் டச்சுக்காரர் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள், வடக்கு எல்லையாக. 'ஒல்லாந்தர் கோட்டை அகழுக்குத் தெற்கு' என்று எழுதியிருந்தது. அடுத்த கிரயத்தில் அது 'பாழ் அகழ்' ஆனது. அதற்கடுத்ததில் 'சர்க்கார் புறம்போக்கு'. நான் எழுதிய விடுதலைப் பத்திரத்தில் 'பஞ்சாயத்து சிமெண்டு ரோடு'. இடம் ஒன்றுதான். மேற்கு எல்லை இன்னும் விசேஷம். அங்கே ஒரு பீவியின் வீடு என்று முதல் உலகப் போர்க் காலத்துப் பத்திரம் சொல்லியது. அந்த அம்மாள் இறந்து, வீடு இடிந்து, மனை கைமாறி, ஐஸ் உடைக்கும் கொட்டகை வந்த பிறகும் ஒவ்வொரு பத்திரத்திலும் 'பீவி வீட்டுக்குக் கிழக்கு' என்றே வந்துகொண்டிருந்தது. முந்தைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதுவதுதான் எங்கள் தொழிலில் பத்திரமான வழி. மாற்றினால் எதிர்க்கட்சி வக்கீலுக்கு வேலை கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் எல்லைகளில் செத்தவர்கள் ரொம்ப நாள் குடியிருப்பார்கள். அந்த பீவிக்குச் சொந்தமாக ஒரு பத்திரம் இருந்ததாக எந்தப் பதிவிலும் நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக் காகிதத்தில்தான் அவர் வாழ்ந்ததற்கு ஆதாரம் இருக்கிறது.

அப்போதெல்லாம் வில்லங்கம் பார்ப்பது ஒரு தனி வித்தை. அலுவலகத்தில் பெயர்வாரியாக ஓர் அட்டவணை, சொத்துவாரியாக ஓர் அட்டவணை. நத்தத்து வீட்டுக்குப் பழைய பத்திரங்களில் சர்வே நம்பர் சரியாக இருக்காது, ஆகவே பெயரைத்தான் பிடிக்க வேண்டும். முகம்மது, மகம்மது, மொகமது என்று மூன்று இடத்தில் தேடுவோம். மரக்காயர், மரைக்காயர் இரண்டையும் பார்ப்போம். இனிஷியல் இருக்காது, இருந்தாலும் தகப்பனார் பெயரா ஊர்ப் பெயரா தெரியாது. இன்றைக்கு 1975-க்குப் பிந்திய வில்லங்கத்தைச் செல்போனிலேயே பார்த்துவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் எந்திரம் நீங்கள் கொடுத்த எழுத்தை மட்டுமே தேடும். மூன்று மகம்மதுகளும் ஒரே ஆள் என்று அதற்கு யார் சொல்வது?

பூர்வீக உடைமைக்காரர் எழுபதுகளில் காலமானார். மனைவி, இரண்டு மகன், மூன்று மகள். பாகக் கணக்குக்காக அவர்கள் என் ஆசானிடம் வந்த நாளில் நான் பக்கத்தில் இருந்தேன். ஷரியத் கணக்கு சிலேட்டில் போட்ட மாதிரி அப்படியே வந்தது. மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதி ஏழு. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் மகன்களுக்கு நாலு, மகள்களுக்கு மூன்று. கூட்டினால் எட்டு. மிச்சமில்லை, தகராறில்லை. பெரியவர் தாளில் எட்டுக் கட்டம் போட்டுக் காட்டினார். அந்த அம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரைட்டரய்யா, எட்டுல ஒண்ணுன்னா எது? அடுப்படியா, கெணறா?"

"எதுவும் இல்லம்மா. எல்லாத்துலயும் எட்டுல ஒண்ணு."

"ஒரு தூணுகூட என்னுதுன்னு சொல்ல முடியாதா?"

பிரிபடாத பாகம் என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அளந்து பிரிக்காதவரை எந்தச் செங்கல்லையும் தொட்டு என்னுடையது என்று சொல்ல முடியாது. அதே நேரம் எல்லாச் செங்கல்லிலும் பாத்தியம் உண்டு. பெரிய வீடுகள் இடிந்து விழுவதற்குப் புயலையும் உப்புக்காற்றையும் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் பாதி வீடுகள் இந்தப் பின்னத்தால் விழுந்தவை. மூத்த மகன் இறந்ததும் அவர் பங்கு அவருடைய மனைவி மக்களுக்கு மறுபடி எட்டாகச் சிதறியது. பேரன்கள் காலத்தில் கீழ் எண் மூன்று இலக்கத்துக்குப் போய்விட்டது. ஒருத்தர் சென்னை மண்ணடியில், ஒருத்தர் மலேசியாவில், இரண்டு பேர் வளைகுடாவில். டெரஸ் ஒழுகினால் யார் பணம் போடுவது? நூற்றில் ஒரு பங்குக்காரர் முழுக் கூரைக்கும் செலவு செய்வாரா? விற்கலாம் என்றால் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் தூதரகத்தில் கையெழுத்திட்டுப் பவர் அனுப்புவார்கள். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். ஆறு பேர் பவர் வந்து ஏழாவது ஆளுடையது வருவதற்குள் முதல் ஆள் இறந்துபோய் அவர் வாரிசுகள் நாலு பேர் புதிதாக முளைப்பார்கள். இந்த வீட்டுக்கு இது இரண்டு தடவை நடந்தது.

இதெல்லாம் உடைமைக்காரர்கள் கதை. அந்த வீட்டில் உண்மையில் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கியவர்கள் வேறு ஆட்கள்.

குடும்பம் மண்ணடிக்குப் போன பிறகு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் போக்கியத்துக்கு வந்தார். பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை என்ற ஏற்பாடு. போக்கியம் பதிவானதால் வில்லங்கத்தில் அவர் பெயர் ஒரு வரியாக இருக்கிறது. அவருக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் பதினோரு மாத ஆட்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட வாடகைக்கு ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது சட்டம். அதனால் தமிழ்நாடு முழுக்கப் பதினோரு மாதத்துக்கு எழுதி, முடிந்ததும் இன்னொரு பதினோரு மாதம் எழுதுவோம். எத்தனை வருஷம் இருந்தாலும் அரசாங்கப் புத்தகத்தில் ஆள் விழமாட்டார். நானே எழுதிய அந்த ஒப்பந்தங்களின் நகல்கள் என் பீரோவில் இருப்பதால்தான் யார் யார் இருந்தார்கள் என்று சொல்ல முடிகிறது.

எண்பதுகளில் ஓர் இறால் ஏஜென்ட் இருந்தார். ஏரி இறாலுக்கு ஏற்றுமதி விலை ஏறியிருந்த காலம். முற்றத்தில் ஐஸ் பெட்டிகள் அடுக்கியிருக்கும். பாய் விரித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தலை கிள்ளுவார்கள். உருகிய ஐஸ் தண்ணீரும் உப்பும் நாள் முழுக்கத் தரையில் ஓடும். முழங்கால் உயரத்துக்குக் காரை பூத்துப் பொடியாக உதிர ஆரம்பித்தது அப்போதுதான். வாடகைப் பத்திரத்தில் 'குடியிருப்புக்காக மட்டும்' என்று ஒரு ஷரத்து இருந்தது. அதை நான்தான் எழுதினேன். ஏஜென்ட் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். உடைமைக்காரர் தரப்பில் வந்தவரும் சிரித்தார். வாடகை இரண்டு மடங்கு.

ஏஜென்ட் போனதும் சில வருஷம் பனையோலைப் பெட்டி முடையும் பெண்கள் திண்ணையையும் முன்கூடத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அந்த வேலை பழவேற்காட்டு முஸ்லிம் பெண்களுக்குக் கைவந்தது. சாயம் தோய்த்த ஓலையில் அவர்கள் முடைகிற மூடிப் பெட்டி வெளிநாடுவரை போகும். அவர்கள் இருந்த காலத்தில் வீடு காய்ந்து கிடந்தது, தரை கூட்டியிருந்தது. வாடகை ஒழுங்காக வந்ததும் அவர்களிடமிருந்துதான். சுனாமிக்குப் பிறகு நிவாரணச் சாமான் கிடங்காக ஒரு வருஷம் இருந்தது. அரிசி மூட்டை, ஸ்டவ், வலை. இப்போது திண்ணையில் படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கும் ஒருவர் இருக்கிறார். இவர்கள் யாருக்கும் இந்த வீட்டில் ஒரு செங்கல் பாத்தியம் கிடையாது. நூற்றில் ஒரு பங்கு பாத்தியமுள்ள பேரன்களில் பாதிப் பேர் வீட்டைப் பார்த்ததே கிடையாது.

குப்பத்துக்குப் போனால் கணக்கு தலைகீழ்.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம், தீவுப் பக்கம் லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் எல்லாம் ஆட்கள் நிறைந்த ஊர்கள். வீட்டுக்கு என்ன காகிதம் இருக்கிறது என்று கேட்டால் வீட்டுவரி ரசீது, ரேஷன் கார்டு, கரண்ட் பில் வரும். சிலர் பெருமையாக பி மெமோவை எடுத்து நீட்டுவார்கள். புறம்போக்கை ஆக்கிரமித்ததற்கு வருவாய்த்துறை போடும் தண்டம் அது. 'இந்த வருஷத்திலிருந்து நாங்க இங்க இருக்கோம்னு சர்க்காரே எழுதிக் கொடுத்திருக்கு' என்பது அவர்கள் வாதம். வாதம் தப்பென்று நான் சொல்லமாட்டேன். பாட்டன் காலத்திலிருந்து இருப்பவனுக்கு அதைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளத்துக்கு 1969-இல் இடம் தேர்வானதும் தீவிலிருந்து வெளியேறித் தெற்கே வந்த குடும்பங்களிடம் அதுவும் இல்லை.

ஆனால் காகிதம் இல்லாததால் உரிமை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே பாடு என்று ஒரு முறை இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டி இறாலுக்குச் சுத்துவலை கட்டும் இடங்களை மேலே சொன்ன முதல் மூன்று ஊரும் தலைக்கட்டு வாரியாக முறை வைத்துச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கின்றன. இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவனுக்கு அடுத்த முறை வேறு இடம். கல்யாணமான ஆண் தலைக்கட்டாகச் சேருவான். ஊர் வரி கட்டுவான். தண்ணீருக்கு நாலெல்லை எழுத என்னால் முடியாது. அவர்கள் எழுதாமலே வைத்திருக்கிறார்கள். வெளியாள் அதில் கைவைக்க முடியாது. வீடும் அப்படித்தான். முத்திரைத் தாளில் 'அனுபவ பாத்தியத்தை விட்டுக் கொடுக்கிறேன்' என்று என்னிடம் எழுதுவார்கள். சட்டப்படி அதற்கு மதிப்புக் குறைவு என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன். "தெரியும் சார், பஞ்சாயத்தார் பாத்துக்குவாங்க" என்பார்கள். ஊர்ப் பஞ்சாயத்தார் கையெழுத்து இல்லாமல் அந்தத் தாள் செல்லாது. சார்பதிவாளர் கையெழுத்து இல்லாமல் செல்லும்.

அந்த ஏற்பாட்டில் இல்லாதது பெண்களுடைய பெயர். 26.12.2004 சுனாமிக்குப் பிறகுதான் அது வந்தது. 2005 மார்ச்சில் வந்த அரசாணை 172-இன்படி கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் பழைய இடத்தை விட்டுக் கொடுத்தால், உள்ளே தள்ளி ஒன்றரை லட்ச ரூபாய் மதிப்பில் வீடு. புருஷன் பெண்டாட்டி இருவர் பெயரிலும். குப்பத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் தன் பெயர் இருந்த தாளை என்னிடம் காட்டி, எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். வீட்டுக்காரர் பெயருக்கு மேலேயா கீழேயா என்று அடுத்து கேட்டார். அந்த வீடுகளின் சுவரும் தளமும் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம், அந்த இணைப் பெயரைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

மறுபடி அந்தப் பெரிய வீட்டுக்கு வருகிறேன். ஒருவழியாக எல்லா வாரிசுகளும் ஒத்துவந்து ஒரு பார்ட்டி கிடைத்தார். இடித்துவிட்டு லாட்ஜ் கட்டும் எண்ணம். அட்வான்ஸ் போடும் முன் என்னிடம் வந்தது அவருடைய நல்ல காலம். டச்சுக் கல்லறைத் தோட்டம் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010 சட்டத் திருத்தப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். ஏரிக்கரைக்குக் கடலோர ஒழுங்குமுறை விதிகள் வேறு. இவை எதுவும் வில்லங்கச் சான்றில் வராது. பத்திரம் சுத்தமாக இருக்கும், கிரயமும் ஆகும், கட்டத்தான் முடியாது. பார்ட்டி காரை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு வீட்டை வாங்க ஆள் வரவில்லை. தேக்கை வாங்க வந்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலைக் கடைகளில் பழந்தூணுக்கு நல்ல விலை. கழற்றிவிட்டால் தூணும் கதவும் அசையும் சொத்து. அதற்குப் பதிவு வேண்டாம், ஒரு ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டின ரசீது போதும். ஒரே வாரத்தில் முற்றத்துத் தூண்கள் லாரி ஏறின. நூறு வருஷத்துக்கு மேல் நின்ற கூடத்தின் கதை முடிந்ததற்குச் சார்பதிவாளர் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. பணத்தை வாரிசுகள் சரியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். கணக்கு நான்தான் போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மாள் கேட்ட தூண் அப்போதுதான் பிரிந்தது, ரூபாயாக. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

பழைய வீடு வைத்திருப்பவர்களுக்குத் தொழில் ரீதியாக மூன்று விஷயம் சொல்ல வேண்டும். பங்காளிகள் உயிரோடு, பேச்சுவார்த்தையோடு இருக்கும்போதே பாகப்பிரிவினையோ விடுதலையோ எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். அடுத்த தலைமுறை பார்த்துக்கொள்ளும் என்று விட்டால் அது பார்த்துக்கொள்ளாது. புதுப் பத்திரம் எழுதும்போது எல்லையில் பழைய பெயரோடு இன்றைக்கு அங்கே இருப்பவர் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எழுத்தர் முனகினாலும் விடாதீர்கள். மூன்றாவது, பழைய பத்திரத்தைத் தயவுசெய்து லேமினேஷன் போடாதீர்கள். 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா பக்கம் கரையேறிய புயலில் நனைந்த பத்திரங்களை நிழலில் உலர்த்தியே மீட்டிருக்கிறோம். அவற்றில் பல இன்றும் படிக்க முடிகிற நிலையில் இருக்கின்றன. பிளாஸ்டிக் உறையில் சூடாக ஒட்டிய தாளில் மை கலங்கினால் திரும்ப எடுக்க வழியில்லை. கோர்ட்டில் முத்திரையையும் கையெழுத்தையும் சோதிக்கவும் முடியாது. துணியில் சுற்றி, தகரப் பெட்டியில், கரையானுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். போதும்.